ராமானுஜன் அளந்த பிழை

குத்தாலத்தில் மேற்கே செல்லும் பயணிகள் வண்டியில் ஏறினால் ஆடுதுறை, திருவிடைமருதூர் கடந்து கும்பகோணத்தில் இறங்கலாம். அங்கே சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீடு நினைவில்லமாக உள்ளது. பார்த்துத் திரும்புவோர் பெரும்பாலும் நாமகிரித் தாயார் கனவில் வந்த கதையையே சொல்வர். அக்கதையைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆயினும் அதனடியில் இன்னொரு ராமானுஜன் மறைந்து போகிறார். தோராயத்தின் பிழைக்கு எல்லை வகுத்தவர் அவர்.

ஆண்டு 1911. கல்லூரிப் படிப்பு முறிந்து, நிலையான வேலையும் இல்லாத காலம். மாதம் 30 ரூபாய்க்குச் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தரானது 1912 மார்ச்சில்தான். இந்தியக் கணிதக் கழக இதழில் அவர் விடுத்த 294ஆம் வினா, 'ஈ' என்னும் மாறிலியின் (2.718…) அடுக்குத் தொடரைப் பற்றியது.

அடுக்கு 10 என்று கொள்வோம். தொடரின் முழுக் கூட்டுத்தொகை 22026.47, அதில் பாதி 11013.23. முதல் பத்து உறுப்புகளைக் கூட்டினால் 10086.57 வருகிறது. பாதியை எட்ட இன்னும் 926.66 வேண்டும். அடுத்த உறுப்போ 2755.73. அதில் எத்தனை பங்கு எடுக்கவேண்டும்? 0.33627 பங்கு. அடுக்கு எந்த முழு எண்ணாயினும் இப்பங்கு மூன்றில் ஒன்றுக்கும் இரண்டில் ஒன்றுக்கும் இடையிலேயே நிற்கும் என நிறுவுக என்பதே வினா.

நிகழ்தகவு என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் குத்தாலம் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மணிக்குச் சராசரியாகப் பத்துப் பேர், ஒருவரையொருவர் சாராமல் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பாய்சான் பரவலின்படி பத்துக்கும் குறைவானோர் வரும் வாய்ப்பு 45.8 விழுக்காடு, சரியாகப் பத்துப் பேர் வருவது 12.5. மணி வடிவ இயல்நிலைப் பரவலை நம்புபவர், இரு பக்கமும் சமம் என்று கருதி, அந்த 12.5ஐச் சரிபாதியாகப் பிளப்பார். விடை 50க்குப் பதில் ஏறத்தாழ 52 ஆகிவிடும். இப்பிழை 12.5இல் ஆறிலொரு பங்கைத் தாண்டாது என்பதற்கு ராமானுஜனின் எல்லைகளே பிணை. சராசரி 100 ஆனால் பிழை 0.7 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். இயல்நிலைத் தோராயத்தின் பிழைக்குப் பெர்ரியும் எசீனும் தத்தம் பொதுத் தேற்றங்களைத் தந்தது 1941, 1942 ஆண்டுகளில்.

அவர் அங்கே நிற்கவில்லை. ஹார்டிக்கு எழுதிய 1913 சனவரிக் கடிதத்தில் வேலியை மேலும் நெருக்கினார். அப்பங்கு, மூன்றிலொன்றோடு ஒரு சிறு பின்னத்தைக் கூட்டியது. அப்பின்னத்தின் மேலே 4. கீழே, அடுக்கோடு ஒரு சிற்றெண்ணைக் கூட்டி 135ஆல் பெருக்கிய தொகை. அச்சிற்றெண் 2/21க்கும் 8/45க்கும் இடைப்பட்டது என்றார். 'ஏறத்தாழ' என்று மழுப்பவில்லை. இரு கரைகளையும் காட்டினார்.

அதே கடிதத்தில் பகா எண்களைப் பற்றி அவர் எழுதியது தவறாயிற்று என்பதையும் மறைக்கக்கூடாது. தம் சூத்திரத்தின் பிழை மிகச் சிறியது என்று அங்கே நம்பிவிட்டார்; அது அவர் எண்ணியதைவிடப் பெரியது. எனவே மற்றக் கூற்றையும் ஐயுறுவதில் நியாயம் இருந்தது. வினாவின் முதற்பகுதியைச் சேகோ 1928இலும் வாட்சன் 1929இலும் நிறுவினர். 2/21, 8/45 என்ற கரைகளுக்கோ 1995 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கணினி நிரல்களின் வேகத்தை ஆராய்ந்து வந்த பிளாஜோலேயும் அவருடைய கூட்டாளிகள் மூவரும் அவ்வாண்டு முழு நிறுவலை வெளியிட்டனர். இரண்டு எண்களும் சரியாகவே இருந்தன.