மரநிழலில் சில நாற்காலிகள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜை அடுத்துள்ள கிராண்ட்செஸ்டர் சிற்றூரில் 1868ஆம் ஆண்டு ஒரு பழத்தோட்டம் நடப்பட்டது. 1897இல் பல்கலைக்கழக மாணவர் சிலர், புல்வெளியில் அருந்தும் தேநீரைப் பூத்திருக்கும் மரங்களின்கீழ் அருந்தலாமா என்று இல்லத்தலைவி திருமதி ஸ்டீவன்சனிடம் வேண்டினர். அவர் இசைந்தார். ஆங்கில இலக்கிய வரலாற்றில் இடம்பெற்ற தேநீர்த் தோட்டம் இவ்வாறு எளியதொரு விருந்தோம்பலில் பிறந்தது.

1909இல் இளங்கவிஞர் ரூபர்ட் புரூக் அவ்வில்லத்தில் குடியேறினார். வர்ஜீனியா உல்ஃப், ஃபார்ஸ்டர், கெயின்ஸ் போன்ற அவருடைய நண்பர்களின் பெயர்களும் அத்தோட்டத்தோடு சேர்ந்தே நினைக்கப்படுகின்றன. பின்னர் அருகிலிருந்த பழைய குருமனைக்கு மாறிய அவர், 1912இல் பெர்லினில் இருந்தபோது அவ்வூரை எண்ணி ஏங்கிக் கவிதை புனைந்தார். பிரிவன்றோ ஓரிடத்தின் அருமையை உணர்த்துகிறது!

1914இல் போர் மூண்டது. நாட்டுக்காக இறப்பதைப் போற்றி அவர் எழுதிய பாக்களுள் ஒன்று, 1915 ஏப்ரல் 4, உயிர்ப்புப் பெருவிழாவன்று இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் வாசிக்கப்பட்டது. 19 நாள்களுக்குப்பின், கலிப்போலி போர்முனைக்குச் செல்லும் வழியில், இரத்தத்தில் நச்சேறிப் புரூக் இறந்தார். வயது 27. கிரேக்கத் தீவான ஸ்கைரோஸில் அடக்கம் செய்யப்பட்டார். கிராண்ட்செஸ்டர் ஆலய வளாகத்துப் போர் நினைவுச் சின்னத்தில், அவ்வூரார் பெயர்களோடு அவர் பெயரும் உள்ளது.

மறையுரை மேடையில் நிற்கும் என்னை இவ்வரலாறு உறுத்துகிறது. இளைஞரின் சாவைப் புகழும் சொல்லா, அவர்களுக்கு மரநிழலில் நாற்காலி இட்ட கைகளா, உயிர்ப்பின் நற்செய்திக்கு எது நெருக்கமானது?