தோற்ற மனுவும் தெருவும்: ஏ. கே. கோபாலனின் அரசியல் முறை

ஏ. கே. கோபாலன் (1904–1977) சட்டக் கல்லூரிகளில் ஒரு வழக்கின் தலைப்பு, வடகேரளத்தில் ‘ஏ.கே.ஜி.’ என்ற மூன்றெழுத்தில் வாழும் மக்கள் தலைவர். கம்யூனிஸ்ட் இயக்க வரலாறுகள் 1950-ஆம் ஆண்டின் ‘ஏ. கே. கோபாலன் எதிர் மதராஸ் அரசு’ வழக்கை அவருடைய பல சிறைவாசங்களுள் ஒன்றாக எண்ணி ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அரசியல் சட்ட நூல்களோ மனுதாரர் யார், எதற்காகச் சிறையில் இருந்தார் என்று கேட்பதே இல்லை. அந்த வழக்கு அவருடைய அரசியல் முறையிலிருந்து பிரிக்க முடியாதது என்பதே இக்கட்டுரையின் வாதம். வாக்குறுதி தந்த நிறுவனத்தின் வாசலுக்கே நடந்து சென்று அந்த வாக்குறுதியை நிறைவேற்றச் சொல்லி நிற்பதுதான் அம்முறை. கோயில், மாகாண அரசு, உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றம் என வாசல்கள் மாறின. நின்ற விதம் பெரிதும் மாறவில்லை.

அன்றைய மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில், கண்ணூரை அடுத்த பெரளசேரிப் பகுதியில் பிறந்தவர் கோபாலன். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி வந்தவர், 1930-இல் உப்புச் சத்தியாகிரகம் மலபாரை எட்டியபோது வேலையை விட்டு அதில் இறங்கிச் சிறை சென்றார். மறு ஆண்டு நவம்பரில் கே. கேளப்பன் தலைமையில் குருவாயூர்க் கோயில் நுழைவுப் போராட்டம் தொடங்கியது. தொண்டர் படைக்குத் தலைவரான கோபாலன் அங்கே அடியும் உதையும் பட்டார். கேளப்பன் மேற்கொண்ட உண்ணாநோன்பு காந்தியின் சொல்லுக்கிணங்க 1932 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. கோயில் கதவு அப்போது திறக்கவில்லை. போராட்டத்தின் உடனடிப் பலனைக் கொண்டு மட்டும் அதை மதிப்பிடும் பழக்கம் கோபாலனிடம் பிற்காலத்திலும் காணப்படாததற்குக் குருவாயூரே முதல் பாடம் எனக் கொள்ள இடமுண்டு.

1934-க்குப் பிறகு பி. கிருஷ்ணபிள்ளை, ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு ஆகியோருடன் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியில் இயங்கிய கோபாலன், 1936-இல் வேலையின்மையையும் வறுமையையும் முன்வைத்து மலபாரிலிருந்து சென்னைக்குப் ‘பட்டினி ஜாதா’வை நடத்தினார். தொண்டர்கள் சுமார் 30 பேர்; தொலைவு ஏறத்தாழ 750 மைல். வழியெங்கும் ஊர்க் கூட்டங்கள், ஊரார் கொடுத்த சோறு. மாகாணத் தலைநகரில் மனு ஒன்றைத் தபாலில் சேர்ப்பித்திருந்தால் ஒரு கோப்பில் ஓர் எண் கூடியிருக்கும். நடந்து வந்ததால் மனு சென்னையை அடையும் முன்பே வழியிலுள்ள நூற்றுக்கணக்கான ஊர்கள் அதைக் கேட்டுவிட்டன. கோரிக்கையின் உண்மையான வாசகர்கள் அதிகாரிகள் அல்லர், வழியோரத்து மக்களே என்ற தெளிவு இந்த நடைப்பயணத்தில் இருக்கிறது.

1939-இன் இறுதியில் கேரளக் காங்கிரஸ் சோஷலிஸ்டுகள் கம்யூனிஸ்ட் கட்சியாக மாறியபோது கோபாலனும் அவர்களோடு சென்றார். போர்க்காலத்தில் கைதாகி வேலூர்ச் சிறையிலிருந்து தப்பித் தலைமறைவாக இருந்தார். போர் முடிந்தபின் மீண்டும் பிடிபட்டார். 1947 ஆகஸ்ட் 15 அன்று அவர் கண்ணூர்ச் சிறையில் இருந்தார். சிறை வளாகத்தில் தேசியக் கொடியுடன் நடந்து, கைதிகளைக் கூட்டி விடுதலையின் பொருளைப் பேசியதாகத் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். பிறகு விடுதலையானவர் அதே டிசம்பரில் மறுபடியும் கைது செய்யப்பட்டார், இம்முறை சுதந்திர இந்தியாவின் காவலரால்.

அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுக்கான தண்டனைகள் ரத்தான பிறகும் தடுப்புக்காவல் தொடர்ந்தது. 1950 ஜனவரி 26-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதத்திற்குள் தடுப்புக்காவல் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மார்ச் 1 அன்று அச்சட்டத்தின்படி புதிய காவல் ஆணை சிறைக்குள்ளேயே கோபாலனிடம் வழங்கப்பட்டது. உறுப்பு 32-இன்கீழ் அவர் நேரடியாக உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அவருக்காக வாதாடியவர் எம். கே. நம்பியார். சட்டம் வகுத்த நடைமுறையின்படியன்றி எவருடைய தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்று உறுப்பு 21 கூறுகிறது. ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்பது சட்டமன்றம் இயற்றிய எந்த நடைமுறையையும் குறிக்குமா, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டுமா என்பதே மையக் கேள்வி.

1950 மே 19-இல் தீர்ப்பு வந்தது. அமர்விலிருந்த ஆறு நீதிபதிகளில் நால்வர் மனுவைத் தள்ளுபடி செய்தனர். ஃபசல் அலியும் மெகர் சந்த் மகாஜனும் மாறுபட்டனர். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடமும் வெளியிடக் கூடாது என்ற 14-ஆம் பிரிவு மட்டும் செல்லாது என்றானது. உறுப்பு 21-இன் நடைமுறை என்பது சட்டமன்றம் வகுத்ததே, அதன் நியாயத்தை நீதிமன்றம் எடைபோடாது என்று பெரும்பான்மை கொண்டது. உறுப்பு 19-இன் உரிமைகளும் உறுப்பு 21-இன் பாதுகாப்பும் தனித்தனித் துறைகள் என்றும் பிரித்தது. முன்னறிவிப்பு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலையான தீர்ப்பாயம், ஒழுங்கான விசாரணை முறை ஆகிய நான்கும் இல்லாத ஒன்று நடைமுறையே ஆகாது என்றார் ஃபசல் அலி.

பெரும்பான்மையில் ஒருவரான எஸ். ஆர். தாஸின் தீர்ப்பு தனிக் கவனத்துக்குரியது. பழைய இங்கிலாந்தில் ரோச்செஸ்டர் பிஷப்பின் சமையல்காரனைக் கொதிக்க வைத்துக் கொல்ல நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதை அவர் எடுத்துக்காட்டினார். அத்தகைய கொடுமைக்கு எதிரான காப்பு இறுதியில் விழிப்புள்ள பொதுமக்கள் கருத்தில்தான் இருக்கிறது, நீதிமன்றத்தில் இல்லை என்பது அவருடைய நிலை. சட்டவியலார் இதை நீதித்துறையின் தன்னடக்கம் என்றோ கைவிரிப்பு என்றோ அவரவர் சார்புக்கேற்ப வாசிப்பார்கள். இங்கே முக்கியமானது வேறு. பொதுமக்கள் கருத்தை ஊர் ஊராக நடந்து திரட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடம்தான் நீதிமன்றம் இதைச் சொன்னது. அவர் அடைக்கப்பட்டிருந்ததும் அந்தத் தொழிலுக்காகவே. தீர்ப்பின் பலவீனம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் வெளிப்படவில்லை.

1951-இல் வெளிவந்த கோபாலன் முதல் பொதுத் தேர்தலில் கண்ணூர்த் தொகுதியில் வென்று மக்களவைக்குச் சென்றார். பின்னர் காசர்கோட்டில் மூன்று முறையும் 1971-இல் பாலக்காட்டிலும் வென்று, 1977 ஜனவரியில் அவை கலைக்கப்படும்வரை உறுப்பினராக இருந்தார். முதல் மக்களவையில் காங்கிரசுக்கு அடுத்த பெரிய குழு கம்யூனிஸ்டுகளே என்றாலும் 16 இடங்கள் அதிகாரபூர்வ அங்கீகாரத்துக்குப் போதவில்லை. ஆகவே ‘முதல் எதிர்க்கட்சித் தலைவர்’ என்று அவரைச் சொல்வது வழக்கில் சரி, அவை விதிப்படி சரியன்று. அங்கீகாரம் பெற்ற முதல் எதிர்க்கட்சித் தலைவர் 1969-இல் வந்த ராம் சுபக் சிங்.

அவைக்கு வெளியே நடந்தவற்றுள் இரண்டு அவருடைய முறையை நன்கு காட்டுகின்றன. காபி வாரியம் தன் காபி விடுதிகளை மூட முடிவு செய்தபோது, வேலையிழந்த ஊழியர்களைக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டி விடுதிகளைத் தாங்களே நடத்த வைத்தவர் கோபாலன். 1957-இல் பெங்களூரில் முதல் சங்கம் உருவாயிற்று. 1958-இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் இந்தியன் காபி ஹவுஸ் திறந்தது. இன்றும் அங்கே பரிமாறுகிறவர் தலைப்பாகை அணிந்த ஊழியர் மட்டுமல்லர், சங்கத்தின் பங்குதாரரும்கூட.

மற்றது அமராவதி. இடுக்கித் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட குடியேற்ற உழவர்கள் 1961-இல் குமுளிக்கு அருகே அமராவதியில் கொண்டுவந்து இறக்கப்பட்டனர். பருவமழை கொட்டிய ஜூன் மாதத்தில் கோபாலன் அவர்கள் நடுவே உண்ணாவிரதம் இருந்தார். அவ்வுழவர்களில் பெரும்பாலோர் சிரியன் கிறிஸ்தவர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கேரளத்தில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அமைச்சரவையைக் கவிழ்த்த கிளர்ச்சியின் பக்கம் நின்ற சமூகம் அது. அக்கிளர்ச்சியின் முன்னணிப் பாதிரியாரான ஜோசப் வடக்கன் உழவர் பிரச்சினையில் கோபாலனோடு கைகோத்தார். வாக்குக் கணக்கு பார்க்கும் கட்சிக்காரர் எவரும் தயங்கியிருக்கக்கூடிய இடம் இது. வனநிலத்தில் குடியேறியவர்களுக்காக நின்றதன் சூழலியல் விலையைப் பிற்காலம் கேட்டது நியாயமே; 1961-இல் அக்கேள்வி எழவில்லை.

1964-இல் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழுவிலிருந்து வெளியேறிய 32 பேரில் ஒருவரான அவர், அப்பிளவில் பிறந்த மார்க்சிஸ்ட் கட்சியின் ஒன்பது பேர் கொண்ட முதல் அரசியல் தலைமைக்குழுவில் பி. ராமமூர்த்தி, ஜோதி பாசு முதலியோருடன் இடம்பெற்றார். இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் மீண்டும் சிறை, மீண்டும் உச்ச நீதிமன்றம், 1966-இல் மீண்டும் தோல்வி. பின்னர் உபரி நிலப் போராட்டத்தின்போது திருவனந்தபுரம் முடவன்முகள் அரண்மனை நிலத்தில் தொண்டர்களுடன் நுழைந்தார். நிலச்சீர்திருத்தச் சட்டம் ஏட்டில் இருந்தது, அதை நிலத்தில் இறக்க வேண்டும் என்பது வாதம்.

இதற்கிடையே தடுப்புக்காவல் சட்டம் ஒருவாறு முடிவுக்கு வந்தது. மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு வந்த அது 1969 டிசம்பர் 31-இல் காலாவதியானது. அவ்வாண்டு காங்கிரஸ் பிளவுபட்டதால் பெரும்பான்மை இழந்த இந்திரா காந்தி அரசு இடதுசாரிகளின் ஆதரவை நம்பியிருந்தது. சட்டத்தை நீட்டிக்க அவையில் பலம் இல்லை. மார்க்சிஸ்டுகளின் மக்களவைத் தலைவர் அப்போது கோபாலன். நீதிமன்றம் மறுத்ததை அவையின் எண்ணிக்கை தந்தது என்ற அளவில் தாஸின் கருத்து பலித்தது எனலாம். ஆனால் 1971 தேர்தலில் பெரும்பான்மை கிடைத்ததும் அதே அரசு மிசா என்ற புதிய தடுப்புக்காவல் சட்டத்தைக் கொண்டுவந்ததால், பொதுமக்கள் கருத்து தரும் காப்பு எவ்வளவு நிலையற்றது என்பதும் அதே வேகத்தில் தெரிந்துவிட்டது.

நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது கோபாலன் கைதாகிச் சில நாட்களில் விடுவிக்கப்பட்டார். 1975 ஜூலை 21-இல் மக்களவையில் அவர் ஆற்றிய எதிர்ப்புரை, சக உறுப்பினர்கள் பலர் சிறையில் இருந்த அவையில் ஆற்றப்பட்டது. பத்திரிகைத் தணிக்கை அதை மக்களிடம் சேரவிடவில்லை. 1976 ஏப்ரலில் ஜபல்பூர் வழக்கில் ஆட்கொணர்வு மனுவுக்கும் இடமில்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1977 மார்ச் 21-இல் நெருக்கடி நிலை விலக்கப்பட்டது; மறுநாள் திருவனந்தபுரத்தில் கோபாலன் காலமானார்.

உரிமைகள் தனித்தனித் துறைகள் என்ற, அவர் தோற்ற வழக்கின் அடித்தளம் 1970-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆர். சி. கூப்பர் தீர்ப்பிலேயே அசைந்திருந்தது. 1978 ஜனவரி 25-இல் மேனகா காந்தி வழக்கில் நடைமுறை நியாயமானதாகவும் தன்னிச்சையற்றதாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியபோது, ஃபசல் அலியின் சிறுபான்மைக் கருத்தின் சாரம் சட்டமாயிற்று. தடுப்புக்காவல் மட்டும் நீங்கவில்லை. அதன் கால அளவைக் குறைக்கும் 44-ஆம் திருத்தத்தின் 3-ஆம் பிரிவு இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. 1980-இன் தேசியப் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கிறது.