சமுதாய வளைகாப்பும் சட்டம் தந்த உரிமையும்

சமுதாய வளைகாப்பு என்பது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறை நடத்தும் அரசு விழா. கருவுற்ற பெண்களை ஓரிடத்தில் அமரவைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, வளையல் அணிவித்து, ஐவகைச் சாதம் பரிமாறி, இரும்புச்சத்து மாத்திரை, தாய்ப்பால், தடுப்பூசி ஆகியவை குறித்து அறிவுரை கூறி அனுப்புவர். ஆகஸ்ட் முதல் வாரத்தில் தாய்ப்பால் வாரம், செப்டம்பரில் ஊட்டச்சத்து மாதம், ஏப்ரல் 11 அன்று தேசியப் பாதுகாப்பான தாய்மை நாள் எனப் பிற நிகழ்வுகளும் உண்டு. 2018 மார்ச்சில் தொடங்கப்பட்ட போஷன் அபியான், இத்தகைய நிகழ்ச்சிகளை அங்கன்வாடிகளின் மாதாந்திரக் கடமையாகவே ஆக்கியது.

இவ்விழாக்களை வெறும் சடங்கென்று நாம் ஒதுக்கவில்லை. வீட்டு வளைகாப்பு சாதிக்குள்ளும் உறவுக்குள்ளும் நடப்பது. கணவனை இழந்தவள் அங்கே எட்டி நிற்க வேண்டியவள். எல்லாச் சாதிப் பெண்களும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே அண்டாவின் சோற்றை உண்பது சிறிய செய்தி அன்று. பட்டியல் சாதிப் பெண்ணொருத்தியை மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ பிற பொது இடத்துக்குள்ளோ நுழையவிடாமல் தடுப்பதும், பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரத்தைத் தொடவிடாமல் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவின்கீழ்த் தண்டனைக்குரிய குற்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதைச் சேர்த்தது. எந்த வளைகாப்பு மேடையிலும் இது சொல்லப்பட்டு நாம் கேட்டதில்லை.

நமது கேள்வி வேறு. மேடையில் நடக்கும் பேச்சு, தாய்மார்களின் அறியாமையே நோய்க்குக் காரணம் என்று கொண்டு தொடங்குகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்ற விழிப்புணர்வு வென்றுவிட்டது. அதே ஆய்வு, கருவுற்ற பெண்களில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகவும் கூறுகிறது. நான்காவது ஆய்வில் அது 44.4 ஆக இருந்தது. கீரையும் முட்டையும் பேரீச்சம்பழமும் நல்லவை என்பது தெரியாமலா இந்த எண் உயர்ந்தது?

யாருக்கு உயர்ந்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். 2018-20இல் இந்தியாவின் தாய் இறப்பு விகிதம் இலட்சத்துக்கு 97, தமிழ்நாட்டில் 54. பெருமைக்குரிய வேறுபாடுதான். ஆனால் மாதிரிப் பதிவு முறை இந்த விகிதத்தைச் சாதிவாரியாக வெளியிடுவதில்லை. குழந்தை இறப்பில் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது இது: 2015-16ஆம் ஆண்டு ஆய்வின்படி, இந்திய அளவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறந்தவை பட்டியல் சாதியினரிடையே 45.2, பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ பிற்படுத்தப்பட்டோரோ அல்லாத ஏனையோரிடையே 32.1. சராசரி எண் இந்த இடைவெளியை மூடி மறைக்கிறது.

ஆழ்வார்பேட்டையில் இந்த இடைவெளி சில தெருக்களின் தொலைவிலேயே இருக்கிறது. டி.டி.கே. சாலையை ஒட்டிப் பெரிய தனியார் மருத்துவமனை. சுற்றுவட்டாரத்தில் அவ்வீடுகளின் சமையலையும் துப்புரவையும் செய்யும் பெண்களின் குடியிருப்புகள். அப்பெண்களும் அங்கேயே நிலையாக இருக்க முடிவதில்லை. ஆழ்வார்பேட்டையை அடுத்த இராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாயோரக் கோவிந்தசாமி நகர் வீடுகள் 2022 மே மாதத்தில் இடிக்கப்பட்டன. அதை எதிர்த்து முதியவர் ஒருவர் தீக்குளித்து உயிர்விட்டார். மாற்றிடமாகக் காட்டப்பட்டது ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெரும்பாக்கம். கருவுற்ற ஒருத்தி இப்படி இடம்பெயரும்போது, அவளைப் பதிவு செய்த செவிலியரும் சத்துமாவு வாங்கிய அங்கன்வாடியும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். வேலையோ, பேறுகால விடுப்பே இல்லாத வீட்டு வேலை.

பேறுகாலச் சுமையை யார் ஏற்பது என்பது புதிய கேள்வி அன்று. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகாலப் பயன் மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலன் என்றும், அச்சுமையில் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்றும் வாதிட்டார். இன்று முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட ரூ.18,000 வழங்குகிறது. ஆயினும் 19 வயது நிறையாதவருக்கும் மூன்றாவது பிரசவத்துக்கும் அது இல்லை. இளவயதில் மணம் முடிக்கப்பட்டவளே பேறுகாலத்தில் அதிக ஆபத்தில் இருப்பவள். அவளையே திட்டம் விலக்குகிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013இன் 4ஆம் பிரிவோ கருவுற்ற, பாலூட்டும் 'ஒவ்வொரு' பெண்ணுக்கும் அங்கன்வாடி வழியே இலவச உணவும் ரூ.6,000க்குக் குறையாத பேறுகாலப் பயனும் உரியவை என்கிறது. பிரிவின் வாசகத்தில் வயது வரம்போ பிரசவ எண்ணிக்கையோ இல்லை. திட்டங்கள் வகுக்கும் அதிகாரம், சட்டம் தந்ததைக் குறுக்கும் அதிகாரம் ஆகாது என்பது நம் நிலைப்பாடு.

இடம்பெயர்ந்தோருக்கு உதவக்கூடியது தில்லி உயர்நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.முரளிதர் 2010 ஜூன் 4 அன்று வழங்கிய தீர்ப்பு. தாயின் உடல்நல உரிமையையும் உணவு உரிமையையும் வாழ்வுரிமையின் பிரிக்க முடியாத பகுதிகளாக அது ஏற்றது. இடம் மாறினாலும் பயன்கள் தொடர வேண்டியதன் தேவையைச் சுட்டியது. ஏழை என்று தாயே திரும்பத் திரும்ப மெய்ப்பிக்க வேண்டிய நிலையைக் கண்டித்தது.

அதைவிட எளிய கருவி ஒன்றும் கையில் உண்டு. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று பிறப்பித்த ஆணையின்படி, ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளேனும் உள்ள, அங்கன்வாடி இல்லாத ஊரகக் குடியிருப்போ நகர்ப்புறக் குடிசைப் பகுதியோ கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அங்கன்வாடி தொடங்கப்பட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தரவும் ஆணையிடப்பட்டது. மனுவில் குழந்தைகளின் பெயர், வயது, வீட்டு எண் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, பெற்றோர் கையொப்பத்துடன் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் அளித்து, தேதியிட்ட ஒப்புகை பெற வேண்டும். மூன்று மாதக் கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடும். வளைகாப்புக்காகத் தாய்மார்கள் ஒரே இடத்தில் கூடியிருக்கும் நாள், அந்தக் கையொப்பங்களைப் பெற வசதியான நாள்.