ஸ்பிதி மலையில் நீரும் நெறியும்



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்க்களங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு சிற்றூரின் வாய்க்காலும் வரலாற்று ஏடுதான். இமாசலப் பிரதேசத்தில், திபெத்தின் எல்லையை அடுத்துள்ள ஸ்பிதிப் பள்ளத்தாக்கில், பணி ஓய்வுக்குப் பின் என் பழைய மாணவர் இருவருடன் மிதிவண்டியில் சென்றபோது இவ்வுண்மையை நேரிற் கண்டேன்.

ஸ்பிதியின் தலைமை ஊராகிய காஜா ஏறத்தாழ 12,000 அடி உயரத்தில் உள்ளது. மூச்சுக்குக் கிடைக்கும் உயிர்வளி, கடற்கரையிற் கிடைப்பதில் மூன்றில் இரு பங்கேயாகும். எனவே சில நாள் தங்கி, உடலைப் பழக்கிக்கொண்ட பின்னரே புறப்பட்டோம். ஏறத்தாழ 14,000 அடி உயரத்திலுள்ள கிப்பர் என்னும் சிற்றூர் வரை வண்டியில் ஏறி, அங்கிருந்து மிதிவண்டியில் இறங்கினோம்.

விரைந்து செல்லும் மோட்டாரில் இருப்பவர்க்கு அம்மலைகள் வெறும் மண்ணும் கல்லுமாகவே தோன்றும். மெல்லச் செல்பவனோ ஒன்றைக் காண்பான். மலைச்சரிவில் கோடு கிழித்தாற்போல ஓர் எல்லை. அதற்கு மேலே ஒரு புல்லும் இல்லை. கீழே பார்லியும் பட்டாணியும் பசுமையாய் நிற்கின்றன. அந்தக் கோடுதான் வாய்க்கால். அங்கே அதனைக் ‘கூல்’ என்பர்.

இமயத்தின் உயர்ந்த தொடர்கள் மழைமேகங்களை மறித்து விடுகின்றன. ஆதலால் பனி உருகிவரும் நீரே அங்கு வேளாண்மைக்கு உயிர். முன்னோர் உருகுபனி தொடங்கும் இடத்திலிருந்தே கால் வெட்டி, அடைபடாதபடி அதன் தலைப்பில் கல் பரப்பி, நீரை ஊர்க் குளத்துக்குக் கொணர்ந்தனர். இரவில் சிறுகச் சிறுகச் சேரும் நீரைப் பகலில் வயல்களுக்குத் திறந்துவிடுவர். ஊரைத் தோற்றுவித்த பழங்குடும்பங்களுக்கே நீரில் முதலுரிமை. ஏனையோர் முறைக்குக் காத்திருத்தல் வேண்டும்.

அளவான நீரைக் கொண்டு அளவற்ற மக்களைக் காத்தல் இயலுமா? இயலாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஆகவே நிலத்தைப் பங்கிடுவதில்லை என்ற வழக்கத்தை வகுத்தனர். வீடும் நிலமும் மூத்த மகனுக்கே. அவன் குடும்பப் பொறுப்பை ஏற்றதும் பெற்றோர் பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்குப் பெயர்வர். இளைய மக்களிற் பலர் மடங்களிற் சேர்ந்து துறவிகளாயினர். ஊர் நிலைபெற்றது, ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் நிலம் பெறாத இளையவர்களும் பெண்மக்களும் என்பதை நாம் மறத்தலாகாது.

மறுநாள் காஜாவிலிருந்து ஆற்றோரமாகச் சுமார் 47 கிலோமீட்டர் சென்று தாபோவை அடைந்தோம். வெளியே நின்று நோக்கின், அங்குள்ள மடம் களிமண் மேடுகளின் கூட்டம் போலத் தோன்றும். உள்ளே சென்றாலோ சுவரெங்கும் வண்ண ஓவியங்கள். சுவரை ஒட்டிச் சுதைச் சிற்பங்கள். மேற்குத் திபெத்தின் குகே நாட்டு மன்னர் யேஷே ஓ 996-ஆம் ஆண்டில் நிறுவிய மடம் இது, 1042-இல் புதுப்பிக்கப்பட்டது. 1975-ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் சேதமுற்றும், மண் சுவர்கள் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. மழை குறைந்த அந்த வானமும் அவற்றுக்கு ஒரு காவலாக இருந்தது.

அரசுகள் பல மாறின. லடாக்கின் ஆட்சிக்குட்பட்டிருந்த ஸ்பிதி 1846-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்களும் ‘நோனோ’ எனப்படும் பரம்பரைத் தலைவரைக் கொண்டே அதனை ஆண்டனர். 1960-இல் லாகுல்-ஸ்பிதி தனி மாவட்டமாயிற்று. 1962-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் திபெத்துடன் நடந்த பழைய பண்டமாற்று நின்றது. பாதைகள் வந்தன, பச்சைப் பட்டாணி வெளிச்சந்தைக்குச் சென்றது, பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். ஆழ்ந்த பள்ளத்தின் மேல் கயிற்றில் தொங்கும் கூடையில் அமர்ந்து கடந்த சிச்சம் ஊரார்க்கு 2017-இல் பாலம் கிடைத்தது. இவை யாவும் வரவேற்கத்தக்கவையே.

ஆயினும் இன்று ஒரு கவலை எழுந்துள்ளது. குளிர்காலப் பனி குறையும் ஆண்டுகளில் வாய்க்கால்கள் வற்றுகின்றன. விதைத்தவர் வானத்தை நோக்கி நிற்கின்றனர். வழக்கத்துக்கு மாறாகக் கொட்டும் மழையோ மண் கூரைகளையும் பழஞ்சுவர்களையும் கரைக்கிறது. ஆயிரம் ஆண்டு நின்ற மதில்களுக்கு ஆபத்து எந்தப் படையாலும் வரவில்லை. மாறிவரும் பருவத்தால் வருகிறது.

பழைய நெறிகள் அனைத்தையும் மீட்க வேண்டும் என்று நான் கூறவில்லை. அவற்றில் நீதியற்றனவும் உண்டு. ஆனால் உள்ள நீரின் அளவை முதலில் அறிந்து, அதற்கேற்ப வாழ்வை அமைத்துக்கொண்ட அறிவு போற்றத்தக்கது. அவ்வறிவை நீதியோடு இணைத்து, எல்லார்க்கும் பொதுவான நெறியாக்குவது இனிவரும் தலைமுறையின் கடமை. இளைஞர்களே, அக்கடமை உங்களுடையது.