ஒரு நூலகம், இரு கணினிகள்: வீட்டு இசைத்தொகுப்பும் படி எடுக்கும் உரிமையும் (1998–2019)

ஆய்வுச்சுருக்கம்

ஒரு வீட்டிலுள்ள இரு கணினிகளிலும் ஒரே இசை நூலகத்தை வைத்திருப்பது எளிய செயலாகவே தோன்றும். ஆயினும் அச்செயல் பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சட்டம், வணிகம், தொழில்நுட்பம் ஆகியவற்றின் இழுபறிக்கு உள்ளானது. அதன் வரலாற்றை அமெரிக்காவை மையமாகக் கொண்டும், ஐடியூன்ஸ் என்னும் செயலியை முதன்மைச் சான்றாகக் கொண்டும் இக்கட்டுரை ஆராய்கிறது. வழக்குகளும் உரிம ஒப்பந்தங்களும் பாடற்கோப்பைப் பற்றியே பேசின. கோப்புகளை நூலகமாக்கிய அட்டவணையை எவரும் பொருட்படுத்தவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: டிஜிட்டல் இசை, ஐடியூன்ஸ், ஒத்திசைவு, பதிப்புரிமை, தனிப் பயன்பாட்டுப் படி, அட்டவணை

கோப்பும் அட்டவணையும்

2001 ஜனவரி 9 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் செயலியை அறிமுகப்படுத்தியது. ஜெஃப் ராபின், பில் கின்கெய்டு ஆகியோர் உருவாக்கிய சவுண்ட்ஜாம் என்னும் செயலியை விலைக்கு வாங்கி, அதன் மேல் கட்டப்பட்டது இது. குறுந்தகட்டில் உள்ள பாடல்களை எம்பி3 கோப்புகளாக்கி வன்தட்டில் சேர்ப்பதும், சேர்த்தவற்றை ஒழுங்குபடுத்துவதும் இதன் பணிகள். சேர்த்த தொகுதிக்கு அச்செயலி இட்ட பெயர் ‘நூலகம்’. இப்பெயர் பொருத்தமானது என்பதை அதன் அகக் கட்டமைப்பைக் கண்டால் உணரலாம்.

நூலகம் என்பது நூல்களின் குவியலன்று. அதற்கொரு அட்டவணை உண்டு. ஐடியூன்ஸ் நூலகமும் இரு அடுக்குகளால் ஆனது. முதல் அடுக்கு, வன்தட்டின் கோப்புறைகளில் கிடக்கும் பாடற்கோப்புகள். இரண்டாம் அடுக்கு, அக்கோப்புகளைப் பற்றிய ஒற்றைத் தரவுக்கோப்பு. ஒரு பாடல் எந்நாளில் சேர்க்கப்பட்டது, எத்தனை முறை கேட்கப்பட்டது, கடைசியாக எப்போது கேட்கப்பட்டது, உரிமையாளர் அதற்கு எத்தனை விண்மீன் அளித்தார், எந்தெந்தப் பாடல் வரிசைகளில் அது இடம்பெறுகிறது, வன்தட்டில் எந்த முகவரியில் உள்ளது ஆகிய அனைத்தும் இவ்விரண்டாம் அடுக்கிலேயே பதிவாயின. பாடகர் பெயர், தொகுப்பின் பெயர் போன்றவை பாடற்கோப்பின் உள்ளேயும் எழுதப்பட்டன. விண்மீன் மதிப்பும் கேட்ட எண்ணிக்கையும் அவ்வாறு எழுதப்படவில்லை.

இதன் விளைவு பெரிது. பாடற்கோப்புகளை மற்றொரு கணினிக்குப் படியெடுத்தால் பாடல்கள் சென்று சேரும், நூலகம் சேராது. பல ஆண்டுகள் கேட்டு, தரம் பிரித்து, வரிசைப்படுத்திய உழைப்பு முதற்கணினியிலேயே தங்கிவிடும். அட்டவணையையும் சேர்த்துப் படியெடுக்கலாம். ஆனால் அதில் பதிவான முகவரிகள் முதற்கணினியின் பயனர் பெயரையும் வன்தட்டின் பெயரையும் கொண்ட முழு முகவரிகள். இரண்டாம் கணினியில் அப்பெயர்கள் வேறாயின், பாடல் அங்கேயே இருந்தும் ‘காணவில்லை’ என்னும் குறி தோன்றக்கூடும்.

நீதிமன்றம் வரைந்த எல்லை

ஐடியூன்ஸ் தோன்றுவதற்கு முன்பே, வீட்டுக்குள் படியெடுக்கும் செயல் நீதிமன்றம் ஏறியிருந்தது. 1992-ஆம் ஆண்டின் அமெரிக்க இல்ல ஒலிப்பதிவுச் சட்டம் டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவிகளுக்கு ஒரு நிபந்தனை விதித்தது. மூலத்திலிருந்து படி எடுக்கலாம். அப்படியிலிருந்து மற்றொரு படி எடுக்க இயலாதவாறு கருவி அமைக்கப்பட வேண்டும். சுவடிப் பதிப்பில் பழகியோருக்கு இதன் தருக்கம் எளிதில் விளங்கும். படிக்குப் படி பிழை பெருகுவது ஏட்டின் இயல்பு. காந்த நாடாவிலும் படிக்குப் படி இரைச்சல் பெருகியது. அந்த இயல்பான தேய்வே படியெடுத்தலுக்கு ஒரு வரம்பாக இருந்தது. டிஜிட்டல் படியில் தேய்வு இல்லை. இயற்கை விதித்திருந்த வரம்பைச் சட்டம் செயற்கையாக மீட்க முயன்றது.

1998-இல் டைமண்ட் நிறுவனம் ரியோ என்னும் கையடக்க எம்பி3 கருவியை விற்கத் தொடங்கியபோது, அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிற்கழகம் இச்சட்டத்தைக் காட்டி வழக்குத் தொடுத்தது. 1999 ஜூன் மாதத்தில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கழகத்தின் வாதத்தை ஏற்க மறுத்தது. ரியோ நேரடியாக இசைத்தட்டிலிருந்து படியெடுப்பதில்லை, கணினியின் வன்தட்டிலிருந்தே பெறுகிறது. வன்தட்டோ இசைக்கெனவே அமைந்த பதிவூடகமன்று. கணினியின் முதன்மை நோக்கமும் ஒலிப்பதிவு அன்று. ஆகவே இவை அச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்கா என்பது தீர்ப்பின் சாரம். ஒருவர் தம் வன்தட்டில் ஏற்கெனவே உள்ள பாடலை வேறிடத்தில் கேட்பதற்காக மாற்றிக்கொள்வது வணிக நோக்கற்ற தனிப் பயன்பாடே என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டது. தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிந்து பின்னர்க் காண்பதை ஏற்ற 1984-ஆம் ஆண்டின் சோனி வழக்கை அது துணைக்கு அழைத்தது. அங்கே காலம் மாறியது. இங்கே இடம் மாறியது.

இத்தீர்ப்பை இரு கணினிகளுக்கு நேரடியாகப் பொருத்துவதில் கவனம் தேவை. வழக்கு ஒரு கருவியைப் பற்றியது. வீட்டிலுள்ள மற்றொரு கணினியைப் பற்றியதன்று. எனினும் ‘இடம் மாற்றிக் கேட்டல்’ என்னும் கருத்து பொதுவழக்கில் வேரூன்ற இதுவே காரணமாயிற்று.

அக்கருத்தின் எல்லை விரைவிலேயே புலப்பட்டது. 2000 ஜனவரியில் எம்பி3.காம் நிறுவனம், பயனர் தம் குறுந்தகட்டைக் கணினியில் இட்டு உடைமையை மெய்ப்பித்தால், அதிலுள்ள பாடல்களை இணையம் வழியே எக்கணினியிலும் கேட்கச் செய்யும் சேவையைத் தொடங்கியது. பயனர் பாடலை ஏற்றவேண்டியதில்லை. பல்லாயிரம் குறுந்தகடுகளை நிறுவனமே முன்கூட்டித் தன் வழங்கிகளில் படியெடுத்து வைத்திருந்தது. நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதி ஜெட் ராகாஃப் அவ்வாண்டே இதனைப் பதிப்புரிமை மீறல் எனத் தீர்ப்பளித்தார். இடம் மாற்றிக் கேட்டல் என்னும் வாதம் நிறுவனத்திற்குக் கைகொடுக்கவில்லை. வீட்டார் தாமே செய்தால் பொறுத்துக்கொள்ளப்படும் செயல், அவர்களுக்காக வேறொருவர் செய்தால் குற்றமாகும் என்னும் நிலை உருவாயிற்று.

பிரிட்டனில் நிலைமை இன்னும் விந்தையானது. தாம் வாங்கிய தட்டைத் தம் கணினிக்குப் படியெடுக்கும் உரிமை அங்கு 2014 அக்டோபர் 1 அன்றுதான் சட்டமாயிற்று. 2015 ஜூலையில் உயர்நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. அங்கு வன்தட்டுகளில் இருந்த தொகுப்புகள் ஓராண்டுக்கும் குறைவான காலமே ஏட்டளவில் சட்டப்படியானவை.

மூன்று கணினிகள், ஐந்து கணினிகள்

2003 ஏப்ரல் 28 அன்று ஐடியூன்ஸ் இசைக்கடை 2 லட்சம் பாடல்களுடன், பாடலொன்று 99 சென்ட் விலையில் திறக்கப்பட்டது. விற்கப்பட்ட பாடல்களில் ஃபேர்பிளே என்னும் பூட்டு இருந்தது. வாங்கிய பாடல் மூன்று கணினிகளில் மட்டும் ஒலிக்கும். ஓராண்டு கழித்து மூன்று என்பது ஐந்தாயிற்று. அதே நாளில், ஒரே பாடல் வரிசையைக் குறுந்தகட்டில் பதியும் எண்ணிக்கை பத்திலிருந்து ஏழாகக் குறைக்கப்பட்டது. இவ்வெண்கள் எந்தச் சட்டப்பிரிவிலிருந்தும் பெறப்பட்டவையல்ல, பேரத்தின் விளைவுகள். ‘வீடு’ என்றால் எத்தனை கணினிகள் என்னும் வினாவிற்கு விடையளிக்கும் பொறுப்பு இவ்வாறு நீதிமன்றத்திடமிருந்து உரிம ஒப்பந்தத்திற்குச் சென்றது.

இரு கணினிகளுக்கிடையே பாடல்களைச் சுமக்க இயல்பாகவே பொருந்தியது 2001 அக்டோபரில் அறிமுகப்படுத்தப்பட்ட ஐபாட் கருவி. 5 ஜிபி கொள்ளளவும் விரைவான இணைப்பும் அதற்கு இருந்தன. ஆனால் ஐடியூன்ஸ் வழியே கணினியிலிருந்து ஐபாடுக்குப் பாடல் செல்லுமேயன்றித் திரும்பி வராது. பாடல்கள் மறைவான கோப்புறைகளில் வைக்கப்பட்டன. மற்றொரு கணினியில் செருகினால், இக்கருவி வேறொரு நூலகத்தைச் சேர்ந்தது, இதனை அழித்துவிட்டு இந்நூலகத்தால் நிரப்பலாமா என்று செயலி வினவும். கருவியின் உறையில் ‘இசையைத் திருடாதீர்’ என்னும் அறிவுரை அச்சிடப்பட்டிருந்தது. கடையில் வாங்கிய பாடல்களை மட்டும் ஐபாடிலிருந்து அனுமதி பெற்ற மற்றொரு கணினிக்கு மாற்றும் வசதி 2006 செப்டம்பரில்தான் கிட்டியது.

2007 பிப்ரவரி 6 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட திறந்த மடலில், சராசரி ஐபாடில் கடையில் வாங்கிய பாடல்கள் 22 மட்டுமே என்றும், இது மொத்தத்தில் 3 விழுக்காட்டிற்கும் குறைவு என்றும் கணக்கிட்டுக் காட்டினார். பூட்டு பயனற்றது என்பதை நிறுவவே அவர் இதனைக் கூறினார். அதே எண்ணை வேறு விதமாகவும் படிக்கலாம். 3 விழுக்காட்டுக்கும் குறைவான பாடல்களே கடைப் பூட்டுக்கு உட்பட்டவை. ஒருவழிப் பாதையோ எஞ்சிய 97 விழுக்காட்டையும் கட்டியது. தம் குறுந்தகடுகளைத் தாமே படியெடுத்த வீட்டார்தாம் இக்கட்டுப்பாட்டின் பெருஞ்சுமையைத் தாங்கினர்.

பூட்டின் மறுமுனையைக் காட்டியது மற்றொரு கடையின் நிகழ்வு. 2008 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட், தன் எம்எஸ்என் இசைக்கடைப் பாடல்களுக்கு அனுமதி வழங்கும் வழங்கிகளை அவ்வாண்டு ஆகஸ்ட் 31-உடன் நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஏற்கெனவே அனுமதி பெற்ற கணினியில் பாடல்கள் ஒலிக்கும். புதிய கணினிக்கு மாற்ற இயலாது. எதிர்ப்பு எழுந்ததும் காலக்கெடு 2011 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. விலை கொடுத்து வாங்கிய பொருளின் ஆயுள் ஒரு வன்தட்டின் ஆயுளாகச் சுருங்கும் இடர் அன்று வெளிப்படையாயிற்று.

ஒத்திசைவு என்னும் சிக்கல்

2009 ஜனவரி 6 அன்று நான்கு பெரும் இசை நிறுவனங்களும் ஐடியூன்ஸ் கடையில் பூட்டு நீக்கத்திற்கு உடன்பட்டன. அவ்வாண்டு செப்டம்பரில் வந்த ஐடியூன்ஸ் 9, ஒரே வீட்டின் ஐந்து கணினிகளுக்கிடையே பாடல்களைப் படியெடுக்கும் ‘இல்லப் பகிர்வு’ வசதியைத் தந்தது. புதிதாக வாங்கியவை தாமாகவே மற்றக் கணினிகளுக்குச் சென்றன. கோப்பு விடுதலை பெற்றது எனலாம். அட்டவணையோ இருந்த இடத்திலேயே இருந்தது. இரு அட்டவணைகளை ஒன்றாக வைத்திருக்கும் பணியை இல்லப் பகிர்வு ஏற்கவில்லை.

இப்பணி ஏன் கடினமானது என்பதை ஒத்திசைவுக் கருவிகளின் வரலாறு விளக்குகிறது. ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் ஆகியோர் 1996-இல் வெளியிட்ட ஆர்சிங்க், இரு கணினிகளிலுள்ள கோப்புகளை ஒப்பிட்டு வேறுபட்ட பகுதிகளை மட்டும் அனுப்பும். பெரிய தொகுப்பை மெதுவான இணைப்பின் வழியேயும் புதுப்பிக்க இது உதவியது. ஆனால் அதற்கு ஒரு பக்கம் மூலம், மறுபக்கம் படி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் பியர்ஸ் வழிநடத்திய யூனிசன் இருபக்க மாற்றங்களையும் ஏற்றது. முந்தைய ஒத்திசைவின்போது இருந்த நிலையை நினைவில் கொண்டு, ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் அம்மாற்றத்தை மறுபக்கம் கொண்டுசெல்லும். இருபக்கமும் மாறியிருந்தால் தானே முடிவெடுக்காமல் பயனரிடம் வினவும்.

பாடற்கோப்புகளுக்கு இந்நெறி நன்கு பொருந்தும். ஒரு பாடற்கோப்பு அரிதாகவே மாறும். ஐடியூன்ஸ் அட்டவணையோ ஒவ்வொரு பாடலைக் கேட்கும்போதும் மாறும் ஒற்றைக் கோப்பு. வரவேற்பறைக் கணினியில் ஒரு பாடலும் படிப்பறைக் கணினியில் மற்றொரு பாடலும் கேட்கப்பட்டால், இரு அட்டவணைகளும் மாறிவிட்டன. கோப்பளவில் இயங்கும் எக்கருவியும் இரண்டிலொன்றைத் தேர்ந்தெடுக்குமேயன்றி இரண்டையும் இணைக்காது. தேர்ந்தெடுக்கப்படாததில் பதிவான கேள்விகளும் மதிப்பீடுகளும் அழியும். ஆகவே நடைமுறையில் வீட்டார் ஒரு கணினியைத் தலைமையாக்கி மற்றதை அதன் நிழலாக வைத்தனர்; அல்லது நூலகம் முழுவதையும் புறவன்தட்டில் இட்டு, முறைவைத்து ஒவ்வொரு கணினியிலும் திறந்தனர். இரண்டாம் வழியில் நூலகம் ஒன்றாகவே இருந்தது. ஆனால் ஒரே வேளையில் இரு கணினிகளில் இருக்கவில்லை.

2011 நவம்பர் 14 அன்று அமெரிக்காவில் தொடங்கிய ஐடியூன்ஸ் மேட்ச் இச்சிக்கலுக்கு ஆண்டுக்கு 24.99 டாலர் விலையில் விடை தந்தது. பயனரின் பாடல்களை ஆப்பிள் தன் கடைச் சரக்குடன் ஒப்பிடும். பொருந்தியவற்றை ஏற்றவேண்டியதில்லை, பொருந்தாதவை மட்டும் ஏற்றப்படும். அப்போதைய வரம்பு 25,000 பாடல்கள். பாடல் வரிசைகளும் கணினிதோறும் ஒன்றாயின. 2000-இல் எம்பி3.காம் செய்ய முயன்றதற்கு மிக அண்மையது இது. வேறுபாடு, இம்முறை இசை நிறுவனங்களின் உரிமம் இருந்தது என்பதே. தொழில்நுட்பத்தைக் காட்டிலும் ஒப்பந்தமே பதினொரு ஆண்டுகள் தாமதித்தது என்று இதனைக் கொள்வதில் தவறில்லை.

இத்தீர்வில் தலைமை அட்டவணை வீட்டைவிட்டு வெளியேறியது. இரு கணினிகளும் தொலைவிலுள்ள ஓர் அட்டவணையின் நிழல்களாயின. ஒரு குடும்பத்தின் கேள்விப் பழக்கத்தை ஆண்டுக்கணக்கில் நாளும் நேரமும் குறித்துவைத்த ஆவணம் என்னும் வகையில், பழைய ஐடியூன்ஸ் அட்டவணை பண்பாட்டு வரலாற்றுக்கு அரிய மூலமாகும். பிற செயலிகளின் பயனுக்காக அதன் எக்ஸ்எம்எல் படியையும் ஐடியூன்ஸ் உருவாக்கி வந்தது. எளிய எழுத்துக்கோப்பாகிய அதனைத் தனிக்கருவி ஏதுமின்றிப் படிக்கலாம். 2019 அக்டோபரில் மேக் கணினிகளில் ஐடியூன்ஸ் கைவிடப்பட்டு ‘மியூசிக்’ செயலி வந்தபோது அப்படி தானாக உருவாவது நின்றது. பட்டியை விரித்து ‘நூலகத்தை ஏற்றுமதி செய்க’ என்று பயனர் கேட்டால் மட்டுமே இப்போது அது எழுதப்படுகிறது.