தோல் பதனிட்ட கையும் இதய வால்வும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தனர். வரலாறு என்றவுடன் நம்மவர் தலைவர்களின் பெயர்களையும் மாநாடுகள் கூடிய ஆண்டுகளையுமே எதிர்பார்ப்பர். அவையும் வேண்டுவனவே. பரங்கிமலையில் 1883-ஆம் ஆண்டு பிறந்த எம்.சி. ராஜாவையும், அடையாற்றில் 1894-இல் ஆல்காட் திறந்த இலவசப் பள்ளியையும் மறந்துவிட்டு, இந்தப் புறநகரில் நம் கல்வியின் கதையை எவராலும் எழுத இயலாது. ஆயினும் அவற்றைப் பற்றி முன்னைய ஆண்டுமலர்களில் பலர் எழுதிவிட்டமையால், நாம் இங்கே வேறொரு கதையை எடுத்துக்கொள்கிறோம். அது தொழிலின் கதை. இன்று பொறியியல் படித்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள் நாளை எங்கே போய் நிற்கப்போகிறார்கள் என்னும் கவலையிலிருந்து பிறந்த கதை.

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. அத்தடத்தின் கடைசி மூன்று நிலையங்கள் குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம். நாள்தோறும் ஏறி இறங்கும் நாம் இப்பெயர்களை நின்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்று தோல் ஆலையால் வந்த பெயர். அடுத்தது மருத்துவமனையால் வந்த பெயர். இவ்விரண்டுக்கும் என்ன உறவு என்று கேட்பீராயின், அதுவே இக்கட்டுரையின் பொருளாகும்.

குரோம்பேட்டையில் உள்ள ‘குரோம்’ என்பது குரோமியம் என்னும் உலோகத்தைக் குறிக்கும். முற்காலத்தில் நம் நாட்டில் ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைத்துப் பதனிட்டனர். அதற்கு வாரக்கணக்கில் நாள் பிடித்தது. குரோமிய உப்பைக் கொண்டு சில நாட்களிலேயே பதனிடும் முறையை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியாளர் சோதித்துப் பரப்பினார். கவலை இறைக்கும் சாலுக்கு உகந்தது இத்தோல், நீரில் நெடுநாள் உழைக்கும் என்று உழவர்க்கு எடுத்துக்கூறி விற்றனராம். பின்னர் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயரின் குரோம் லெதர் ஆலை பல்லாவரத்தை அடுத்து எழுந்தது. அதைச் சுற்றி எழுந்த ஊரும் குரோம்பேட்டை ஆயிற்று.

தமிழகத்துத் தோல் தொழிலில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர் யார், மயிர் நீக்கியவர் யார், சதை வழித்தவர் யார் என்று நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அந்த நாற்றம் நம் பாட்டன்மாரின் உடலில் ஒட்டியது. அதைக் காட்டியே ஊர் அவர்களை ஒதுக்கிற்று. ஆலை முதலாளியின் பெயரும் வேதிப்பொருளின் பெயரும் வரலாற்றில் நின்றன. குழியில் நின்றவர் பெயர் ஒன்றும் நிற்கவில்லை.

நிற்க. அந்தக் கைகள் செய்த வேலை எத்தகைய அறிவு என்பதை உலகம் பின்னரே கண்டது. தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. பதனிடுதல் என்பது அவ்விழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, அழுகாமற் காப்பதாகும். 1960-களின் இறுதியில், பிரான்சு நாட்டு இதய அறுவை மருத்துவர் அலன் கார்பாந்தியே, விலங்கின் இதய வால்வை மனித இதயத்துக்குள் பொருத்தினால் அது சில ஆண்டுகளில் கெட்டுப்போவது கண்டு, அதனை ‘குளூட்டரால்டிஹைடு’ என்னும் கரைசலில் ஊறவைத்தார். வால்வு நீடித்து உழைத்தது. அக்கரைசல் தோல் பதனிடுவோரும் பயன்படுத்தும் பொருளே! மாட்டின் இதய உறையைப் பதப்படுத்தித் தைத்துச் செய்யும் வால்வுகள் இன்று உலகெங்கும் மனித நெஞ்சில் துடித்துக்கொண்டிருக்கின்றன. அடையாற்றில் 1948-இல் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்களும், கொலாஜனைத் தூய்மை செய்து தீப்புண்மேல் இடும் மெல்லிய உறையாக ஆக்கினர். எந்தத் தொழிலைத் தீட்டு என்றார்களோ அந்தத் தொழிலின் இரசாயனம் இன்று அறுவை அரங்கில் கையுறை அணிந்தவர் தொடும் தூய பொருளாகிவிட்டது. ஆயினும் அவ்வாய்வுக்கூடங்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால், விரல்விட்டு எண்ணும் நிலையிலேதான் நம் வட்டாரம் இருக்கிறது.

இனி அடுத்த நிலையத்துக்கு வருவோம். 1928-ஆம் ஆண்டு டாக்டர் சௌரிமுத்து, காசநோயாளர்க்கென 12 படுக்கைகளுடன் தாம்பரத்தில் ஓர் இல்லம் திறந்தார். 1937-இல் அரசு அதனை ஏற்றது. காற்றும் வெயிலும் ஓய்வுமே அக்காலத்து மருந்து. ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வந்தபின் நிலைமை மாறிற்று. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளரை, பிறர் தொடத் தயங்கிய காலத்தில், இம்மருத்துவமனை ஏற்றுக்கொண்டது என்பதை நம் வட்டாரத்தார் பெருமையுடன் நினைக்கலாம். இன்று காசநோயைக் கண்டறியக் கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவியும், அப்படத்தைப் பார்த்து ஐயம் சொல்லும் கணினி மென்பொருளும் ஊர்ஊராகச் செல்கின்றன.

குரோம்பேட்டை நிலையத்தை ஒட்டியே சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது எம்.ஐ.டி., இருக்கிறது. சி. ராஜம் என்பவர் தம் வீட்டை விற்று 1949-இல் இதனைத் தொடங்கினார். விமானம், மோட்டார் வாகனம், மின்னணுவியல், கருவியியல் ஆகிய நான்கு துறைகளும் அக்காலத்துக்கு மிகப் புதியவை. அளக்கும் கருவிகளைப் பற்றிய தனிப்படிப்பை அன்றே இங்கு வைத்தனர் என்பது கவனிக்கத்தக்கது. இன்றைய மருத்துவக் கருவிப் பொறியியலுக்குத் தாய் அதுவே எனலாம். அப்துல் கலாம் இங்கே விமானப் பொறியியல் படித்தார். எழுத்தாளர் சுஜாதா மின்னணுவியல் படித்தார்.

கலாம் இக்கல்லூரியிற் சேரத் தம் தமக்கையார் பொன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார் என்பது எல்லாரும் அறிந்த செய்தி. மேடைதோறும் அதனைச் சொல்லிக் கண்ணீர் வடிக்கிறோம். ஆனால் அன்று எம்.ஐ.டி.யில் சேர முதலில் பி.எஸ்ஸி. பட்டம் வேண்டும், அதற்குமேல் மூன்றாண்டு. அத்தனை ஆண்டு ஒரு பிள்ளையை உழைப்பிலிருந்து விடுவிக்க நம் சேரிகளில் எத்தனை குடும்பத்தால் முடிந்திருக்கும்? அடகு வைக்க வளையல் எத்தனை வீட்டில் இருந்தது? கல்லூரியின் மதிலுக்கு வெளியே பிறந்து வளர்ந்து, அதனுள்ளே என்ன நடக்கிறது என்று அறியாமலே முதுமையடைந்தவர்கள் நம் தெருக்களில் இன்றும் உண்டு.

இடம் கிடைப்பதே வழக்காக இருந்த காலம் அது. சென்னை மாகாணத்தில் 1948-இல் திருத்தப்பெற்ற வகுப்புவாரி ஆணைப்படி, பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில் 14 இடங்களுக்கு 2 இடம் நம்மவர்க்கு ஒதுக்கப்பட்டது. அன்று மாகாணம் முழுவதிலும் பொறியியற் கல்லூரி நான்கு, இடங்களோ 395. மருத்துவ இடம் கோரிய செண்பகம் துரைராசனும் பொறியியல் இடம் கோரிய சீனிவாசனும் தொடுத்த வழக்குகளில், 1950-இல் உயர்நீதிமன்றமும் 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அவ்வாணை செல்லாது எனத் தீர்ப்பளித்தன. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் பயனாக அதே ஆண்டு அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பெற்று, 15-ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. இந்திய அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்குக் காரணமான வழக்குகளில் ஒன்று ஒரு பொறியியற் கல்லூரி இடத்தைப் பற்றியது. கவுன்சிலிங் மண்டபத்தில் உட்காரும் நம் இளைஞர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

அதற்கும் முன்னரே அண்ணல் அம்பேத்கர் இதனை எண்ணியிருந்தார். 1942 அக்டோபரில், வைசிராய் லின்லித்கோவுக்கு அவர் அளித்த விண்ணப்பத்தில், கலை, சட்டம் ஆகிய பட்டங்களைவிட அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வியே நம் மக்களை உயர்த்தும் என்று வாதிட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழகுநராகச் சேர்க்க வேண்டுமென்றும் கேட்டார். 1944-இல் தொடங்கிய பள்ளிமேற்படிப்பு உதவித்தொகை இம்முயற்சிகளின் தொடர்ச்சியே.

இங்கே நம் சங்கத்தின் பிழை ஒன்றை ஒப்புக்கொள்வது முறை. இருபத்தைந்து ஆண்டுகளாக ஆண்டுவிழா மேடையில் நாம் மாலையிட்டது பெரும்பாலும் அலுவலகப் பணிக்குத் தேர்வானவர்களுக்கே. ஒருமுறை, டிப்ளமா முடித்த இளைஞர் ஒருவர், மருத்துவமனையில் எக்ஸ்ரே கருவி பழுதுபார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா என்று வந்து கேட்டார். “அது மெக்கானிக் வேலை தம்பி, குரூப் தேர்வு எழுது” என்று அனுப்பினோம். அவர் மூன்று முறை எழுதி, வயது கடந்து, இன்று வாடகை ஊர்தி ஓட்டுகிறார். அவரைக் காணும்போதெல்லாம் நமக்குத் தலை குனிகிறது.

அன்று நாம் ‘மெக்கானிக் வேலை’ என்று தள்ளியது என்னவென்று இப்போது பார்ப்போம். பிறந்த குழந்தைக்குச் சூடு தரும் கருவி ஒன்றை எடுத்துக்கொள்க. மேலே வெப்பக் கம்பி. குழந்தையின் வயிற்றில் ஒட்டிய சிறு உணரி. தோலின் வெப்பம் 36.5 பாகையில் நிற்குமாறு கம்பியின் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்சுற்று. எளிதுதான். ஆனால் உணரி நழுவி விழுந்துவிட்டால் என்னாகும்? அது காற்றின் குளிர்ச்சியை அளந்து, குழந்தை குளிர்கிறது என்று கருவிக்குப் பொய் சொல்லும், கருவி மேலும் மேலும் சுடும், குழந்தை வெந்துபோகும். ஆகவே உணரி விழுந்ததைக் கருவி தானே உணர்ந்து கத்த வேண்டும். இத்தகைய கேள்விகளை முன்கூட்டி எழுப்பி, ஒவ்வொன்றுக்கும் காப்பு அமைத்து, அமைத்ததைச் சோதித்து, சோதித்ததை ஏட்டில் பதிவதே இத்துறையின் பொறியியல்.

பொறுமை எவ்வளவு வேண்டும் என்பதற்குத் திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிலையத்தின் செயற்கை வால்வே சான்று. டாக்டர் வலியத்தான் தலைமையில், மருத்துவரும் பொறியாளரும் கூடி உழைத்து, முதல் மூன்று மாதிரிகளும் தோற்றபின் நான்காவதில் வென்றனர். 1990 டிசம்பரில் அது முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையின் டி.டி.கே. நிறுவனம் அதனைத் தயாரித்தது. கலாமும் ஏவுகணைக்குரிய இலேசான கலவைப் பொருளைக் கொண்டு, போலியோ பாதித்த குழந்தைகள் சுமந்த மூன்று கிலோ இரும்புக் காலணியை 300 கிராம் அளவுக்குக் குறைக்கச் செய்தார். 2019-இல் சென்னை ஐ.ஐ.டி. வெளியிட்ட, எழுந்து நிற்க வைக்கும் சக்கர நாற்காலியும் இவ்வழியில் வந்ததே.

கருவியைச் செய்பவர் யார் என்பதும் கருதத்தக்கது. விரலில் மாட்டி இரத்தத்தின் பிராணவாயுவைக் காட்டும் கருவியைக் கொரோனா காலத்தில் வீடுதோறும் வாங்கினோம். அது தோலின் ஊடே ஒளியைச் செலுத்தி அளப்பது. 2020-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டனர். கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பின மக்களிடம் 11.7 விழுக்காடு. கருவிக்குச் சாதியும் நிறமும் தெரியாது என்று நாம் நம்பினோம். செய்தவர் யார் தோலில் சோதித்தாரோ அவர் தோலையே அது நன்கறியும். கறுத்த விரல் உடைய பிள்ளைகள் அந்தச் சோதனை மேசையின் இருபுறமும் அமர வேண்டும் என்று நாம் சொல்வது வெறும் வேலைக்காக மட்டுமன்று.

வாய்ப்புகள் தொலைவில் இல்லை. 1958-இல் தோன்றிய கிண்டித் தொழிற்பேட்டை, 1968-இல் அங்கே வந்த மத்திய பிளாஸ்டிக் பொறியியல் நிலையம், 1984 முதல் தாம்பரத்தில் உள்ள ஏற்றுமதி மண்டலம் ஆகியவை நாம் அறிந்தவையே. முடிச்சூர், படப்பை வழியே சென்றால் வரும் ஒரகடத்தில், 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா அமைக்கத் திட்டமிடப்பட்டு, மத்திய அரசின் உதவியும் அதற்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. 2018 முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருவி விதிகள், ஆபத்தின் அளவுக்கேற்பக் கருவிகளை நான்கு வகுப்பாகப் பிரித்துள்ளன. விதிகள் பெருகப் பெருக, சோதிப்போரும் ஏடெழுதுவோரும் கூடுதலாகத் தேவைப்படுவர். கடைசல், பற்றவைப்பு, பிளாஸ்டிக் அச்சு ஆகியவற்றில் ஐ.டி.ஐ. முடித்தவர்க்கும் இதில் இடமுண்டு. சொந்தமாகத் தொடங்க விரும்புவோர், 2023-இல் மாநில அரசு கொணர்ந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் படித்துப் பார்க்க. 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் அதில் அறிவிக்கப்பட்டன. ஒப்பந்தக் கூலியாக ஆள் பிடிக்கும் இடங்களும் இத்துறையில் உண்டு என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. வேலைக் கடிதத்தைக் கையெழுத்திடுமுன் சங்கத்துக்குக் கொண்டு வந்து காட்டுக.

வெள்ளிவிழாவை ஒட்டிச் சங்கக் கட்டடத்துக்குத் தோரணவாயில் எழுப்பலாம் என்று சிலர் கூறினர். நீண்ட விவாதத்துக்குப் பின், அத்தொகையில் அலைகாட்டி, மின்னளவி, பற்றுக்கோல், ஒரு சிறு லேத்து ஆகியவை வாங்குவதெனச் செயற்குழு முடிவு செய்தது. மேல்மாடி அறையில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு வகுப்பு நடைபெறும். பெண்பிள்ளைகளுக்குப் பாதி இடம். மேலே கூறிய இளைஞரும் ஊர்தி ஓட்டும் நேரம் போக வந்து கற்பிக்க இசைந்துள்ளார். 2021-இல் எவரோ நன்கொடையாக அளித்து, பின் பழுதாகி மூலையிற் கிடக்கும் ஆக்சிஜன் செறிவூட்டி ஒன்று நம்மிடம் உண்டு. காற்றிலுள்ள நைட்ரஜனை ஒருவகைக் கனிம மணிகள் பிடித்துக்கொள்ள, எஞ்சிய பிராணவாயு வெளிவருவது அதன் இயல்பு. மணிகள் ஈரம் பட்டுக் கெட்டனவா, வால்வு அடைத்துக்கொண்டதா என்பது இன்னும் தெரியவில்லை. முதல் ஞாயிறு அதனைத்தான் பிரித்துப் பார்க்கவிருக்கிறோம்.