கீரிப்பாறையில் வடியும் பால்

நாஞ்சில் நாடு என்றவுடன் நெல்வயலும் தாமரைக் குளமும் நினைவுக்கு வருவதே வழக்கம். தோவாளைத் தாலுகாவின் வயற்புறத்தில் வளர்ந்த நானும் நெடுங்காலம் அந்த எண்ணத்திலேயே இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்கு விடியுமுன் சென்றபோதுதான், மலையடிவாரத்தில் வேறொரு விளைச்சலும் உண்டென்பதை நேரிற் கண்டேன். நெற்றியில் விளக்குக் கட்டிய பெண்களும் ஆண்களும், இருளில் மரந்தோறும் சற்றே நின்று நின்று சென்றுகொண்டிருந்தனர். அவர்கள் ரப்பர்ப் பால் வெட்டுவோர். அந்தப் பாலின் வரலாற்றையும், அதனோடு பிணைந்துபோன ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

விடியுமுன் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் ஆவியாகும். மரத்தினுள் அழுத்தம் குறையும். பால் ஓட்டமும் தளரும். பாற்குழாய்கள் இருப்பதோ பட்டையின் உட்புறத்தில். அதற்கும் உள்ளே, மரத்தைப் பருக்கச் செய்யும் மெல்லிய வளர்படலம் உண்டு. கத்தி அதைத் தொட்டால் மரத்துக்குப் புண். தொடாமல் அதன் அருகு வரை சென்றால்தான் பால். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், விளக்கொளியில், நாளொன்றுக்கு முந்நூறுக்கு மேற்பட்ட மரங்களில் இதைச் செய்ய வேண்டும். இதனைக் கூலி வேலை என்று நாம் சொல்லிவிடுகிறோம். அறுவை மருத்துவர் இவ்வளவு நுட்பமாகக் கத்தி பிடித்தால் அதற்கு நாம் வைக்கும் பெயரே வேறு.

சிரட்டையில் சேரும் பாலில் மூன்றில் ஒரு பங்களவே ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். சிறிது அமிலம் சேர்த்து உறையவைத்து, உருளைகளில் அழுத்தித் தகடாக்கிப் புகையில் உலர்த்துவர். உலர்ந்த அந்தத் தகட்டில் இருப்பது என்ன? 1826ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே, அதில் ஐந்து கரி அணுக்களுக்கு எட்டு ஹைட்ரஜன் அணுக்கள் என்ற கணக்கைக் கண்டார். ஆனால் அந்தச் சிறு அலகுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலியாக நிற்கின்றன என்பதைச் சொல்ல ஒரு ஜெர்மானியர் வரவேண்டியிருந்தது. 1920இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் இவ்வாறு கூறியபோது, அத்துணைப் பெரிய மூலக்கூறு இருக்கவே முடியாதென்று அறிஞர் பலர் மறுத்தனர். 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சங்கிலி எவ்வாறு வளைகிறது என்பதிலும் ஒரு விந்தை உண்டு. ரப்பரில் ஒவ்வொரு கண்ணியும் ஒரே பக்கமாக வளைவதால் சங்கிலி சுருண்டு கிடக்கிறது. இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருள்கிறது. அதே அலகு மாறி மாறி வளைந்தால் கிடைப்பது கட்டாபெர்ச்சா என்னும் கெட்டிப் பொருள். பல்லின் வேரைத் துப்புரவு செய்தபின் மருத்துவர் அடைத்து வைப்பது அதுவே. வளைவு ஒன்று மாறியதால், ஒன்று கைக்கு உறையாயிற்று. மற்றொன்று பல்லுக்கு அடைப்பாயிற்று.

கையுறையின் கதை 1889ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் தொடங்குகிறது. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியின் கைகள் கிருமிநாசினிப் பாதரச உப்பால் வெந்து புண்ணாயின. வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர் அவருக்காக மெல்லிய ரப்பர்க் கையுறைகளைச் செய்வித்தார். மறு ஆண்டில் அவரையே மணந்துகொண்டார் என்பதும் வரலாறுதான். செவிலியின் கையைக் காக்க வந்த உறை நோயாளியின் உயிரையும் காக்கிறது என்பது பின்னரே புலனாயிற்று. நமக்கு அருகில், திருவனந்தபுரத்துப் பேரூர்க்கடையில், குடும்பநலத் திட்டத்துக்கான ரப்பர் உறைகள் 1969 முதல் உற்பத்தியாயின. ஆயினும் இப்பாலில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதிலுள்ள ஹெவீன் போன்ற புரதங்கள் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தருவன. 1980களின் இறுதியில் எய்ட்ஸ் அச்சத்தால் கையுறைப் பயன்பாடு பெருகியபோது, மருத்துவப் பணியாளர் பலர் இதனால் துன்புற்றனர். அதன்பின் புரதத்தைக் குறைத்த உறைகளும், பெட்ரோலியத்திலிருந்து செய்த உறைகளும் வந்தன.

பெட்ரோலியத்திலிருந்து ரப்பரே செய்ய முடியாதா என்று கேட்கலாம். 1942இல் மலேயா ஜப்பானியர் வசமானபோது அமெரிக்கா பெருமுயற்சியுடன் செய்தது. எனினும் விமானச் சக்கரத்துக்கு இன்றும் மரத்துப் பாலையே பெரிதும் நம்புகின்றனர். காற்றிலுள்ள கரியை எடுத்து மரமே கட்டித் தரும் பொருள் அது. பால் வற்றிய மரமும் மேசை நாற்காலியாகும். இதனால் இதனைச் சூழலுக்கு இசைந்த பொருள் என்பர். மெய்தான், ஆனால் பல இடங்களில் காட்டை அழித்து நட்ட மரம் இது. ஒரே இன மரம் நிரையாக நிற்பதைக் காடு என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

இம்மரம் இந்நாட்டுக்கு உரியதன்று. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து 70,000 விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை சிலவே, அவற்றுள் ஏறத்தாழ 1,900 கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. மரத்தைக் கொல்லாமல் மெல்லச் சீவி வெட்டும் முறையைச் சிங்கப்பூரில் ரிட்லி வகுத்தார். 1902இல் திருவிதாங்கூரின் தட்டேக்காட்டில் தோட்டம் எழுந்தது. காலப்போக்கில் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளிலும் ரப்பர் பரவிற்று.

கன்றுகள் இலங்கைக்குப் போன அதே நூற்றாண்டில் நம் மக்களும் போயினர். முதலில் காப்பிக்கு, பிறகு தேயிலைக்கும் ரப்பருக்கும். 1948இல் இலங்கைச் சட்டம் அவர்களைக் குடியுரிமையற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்பாடு 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சியோர் பேச்சைப் பின்னர் பார்ப்போம் என்று ஒத்திவைத்தனர். பிரிக்கப்பட்டவரைக் கேட்டுச் செய்த கணக்கன்று அது. வந்தவர்களுள் ஒரு பகுதியினருக்கு, குமரி மாவட்டத்து மலைகளில் அரசு வளர்த்த ரப்பர்த் தோட்டங்களில் வேலை கிடைத்தது. நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ரப்பர்க் கழகம் 1984இல் அமைந்தது.

கீரிப்பாறையில் நான் கண்ட பெண்மணி ஒருவர் அறுபதை நெருங்கியவர். ஐந்து வயதில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர். “அங்க எங்கம்மா வெட்டினதும் இதே மரந்தாங்கய்யா, கத்திதான் வேற” என்றார். மழையானால் வெட்டில்லை, குமரியிலோ இரு பருவத்திலும் மழை. மழைநாட்களில் அடுப்பெரிவது எவ்வாறு என்று கேட்டேன். சிரித்தார், விடை சொல்லவில்லை. பால் வற்றிய மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நட்டிருந்த ஒரு சரிவைக் கைகாட்டினார். கன்று பால் தர ஏழாண்டு ஆகும். “அதை வெட்ட நான் இருக்கமாட்டேங்கய்யா, வேலை முடிஞ்சிரும்” என்று சொல்லிவிட்டு, வெயில் ஏறுவதைப் பார்த்து அடுத்த மரத்துக்கு விரைந்தார்.